வீட்டிலிருந்து எழுதினால் இபிஎஃப் யார் கட்டுவது?

பீடோரில் வீட்டில் இருந்தபடியே கோலாலம்பூர் நிறுவனத்தின் இணையத்தளத்துக்கு எழுதலாம், பிறர் எழுதியதைத் திருத்தியும் கொடுக்கலாம். கட்டுரைக்கு இவ்வளவு என்று காசு வரும். ஆனால் இங்கே முதலாளி கிடையாது, அதனால் இபிஎஃப் பிடித்தமும் கிடையாது. வயதான பிறகுதான் அது உறைக்கும்.

இப்படிச் சுயமாக வேலை செய்பவர்களுக்குத்தான் ஐ-சாரான். நீங்கள் கட்டும் தொகையில் 20 விழுக்காட்டை அரசாங்கம் கூடுதலாகப் போடும், ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை. அந்த 500 முழுசா வேணும்னா 2,500 கட்டணும். மாதத்துக்கு ஏறக்குறைய 210. சும்மா இபிஎஃப் கணக்கில் போட்டால் போதாது, முதலில் ஐ-சாரானில் பதிய வேண்டும்.

வருமான வரிக்குச் சம்பளக்காரர்களின் பிஇ பாரம் அல்ல, பி பாரம். இன்வாய்ஸ், ரசீதுகளை 7 ஆண்டுகள் வைத்திருங்கள்.