தலையங்கமும் பெயரிடும் வலிமையும்

தலையங்கம் வாதத்தால் வெல்கிறது என்பர். வாதம் தொடங்குமுன்னரே, ஒரு நிகழ்ச்சிக்கு இடும் பெயரால் அது பாதி வென்றுவிடுகிறது என்பது நம் கருத்து. இதற்கு நம் வரலாற்றிலேயே சான்றுண்டு.

1913 ஜூலையில் கான்பூர் மச்லி பஜாரில், சாலைக்காகப் பள்ளிவாசலின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. இடிபட்டது உளூச் செய்யும் இடம். அது தொழுமிடமன்று, எனவே பள்ளியின் புனிதப் பகுதியாகாது என்பது ஆட்சியாளர் கொள்கை. உளூவின்றித் தொழுகை ஏது, அவ்விடமும் பள்ளியே என்பது முஸ்லிம்களின் மறுமொழி. ஆக, ‘பள்ளி’ என்னும் சொல்லின் எல்லை எது என்பதே வழக்காயிற்று. ஆகஸ்ட் 3ஆம் நாள், இடிந்த சுவரை மீண்டும் எழுப்ப மக்கள் திரண்டனர். காவலர் சுட்டனர்; பலர் மாண்டனர்.

ஆட்சியாளருக்கு அது கலகம். மௌலானா அபுல் கலாம் ஆஸாத் 1912 ஜூலை 13இல் கல்கத்தாவில் தொடங்கிய ‘அல்ஹிலால்’ உருது வார ஏடோ, ‘மஷ்ஹதே அக்பர்’ என்று தலைப்பிட்டது. அரபியில் ‘ஷஹித’ என்றால் சாட்சியானான், நேரில் கண்டான் என்பது பொருள். அவ்வேரினின்றே ‘ஷஹீத்’ என்னும் சொல்லும் பிறந்தது. ஆகவே ‘மஷ்ஹத்’ என்பது உயிர்த்தியாகம் நிகழ்ந்த இடத்தையும், சாட்சியம் நிகழ்ந்த இடத்தையும் ஒருங்கே குறிக்கும். குற்றவாளிகளென்று கூறப்பட்டோர், அந்த ஒரே சொல்லால் ஆட்சிக்கு எதிரான சாட்சிகளாயினர். சட்ட நுணுக்கத்துக்கு அங்கே இடமேயில்லை.

அக்டோபரில் வைஸ்ராய் ஹார்டிஞ்சு பிரபுவே கான்பூர் வந்தார். உளூ இடத்தை உயர்த்திக் கட்டி, அதன் கீழே நடைபாதை விடுவதென உடன்பாடாயிற்று. ஆனால் ஏடு தப்பவில்லை. 1910ஆம் ஆண்டின் அச்சுச் சட்டப்படி 2,000 ரூபாய் ஜாமீன் பறிமுதலாகி, மேலும் 10,000 ரூபாய் கேட்கப்பட்டது. 1914 நவம்பரில் அல்ஹிலால் நின்றது.

அந்தச் சொல்லை நாம் நேசிக்கிறோம். ஆயினும் நீதியுடன் ஒன்று கூறவேண்டும். ‘கலகக்காரர்’ என்ற பெயர், அம்மக்கள் ஏன் திரண்டனர் என்ற கேள்வியை மூடியது. ‘ஷஹீத்’ என்ற பெயரோ, அன்று அங்கே நடந்ததென்ன என்று ஆராயும் கேள்வியை மூடவல்லது. நமக்கு உவப்பான பெயரே நம் விசாரணையை எளிதில் நிறுத்துகிறது. எனவே, தலையங்கத்தின் முடிவை ஏற்குமுன், அது இட்ட பெயரைக் கழற்றிவைத்து நிகழ்ச்சியை மட்டும் ஒருமுறை நோக்குக. அதன் பின்னரும் வாதம் நிற்குமாயின், அதுவே உண்மையான வாதம். நம் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்க வேண்டிய வாசிப்பு இதுவே.