நம்ம பேர்ல ஒரு கோப்பு

அமெரிக்காவுல இருக்கிற நம்ம மக்களுக்கு கிரெடிட் ரிப்போர்ட் புதுசு இல்ல. வீட்டுக்கடன், கார்க்கடன் எதுக்குப் போனாலும் முதல்ல அதைத்தான் பார்ப்பாங்க. இந்த வழக்கம் கம்ப்யூட்டர் காலத்துக்கும் ரொம்ப முந்தினது!

1837-ல அங்கே பெரிய பொருளாதார நெருக்கடி. நியூயார்க்ல அண்ணனோட பட்டு வியாபாரம் பார்த்த லூயிஸ் டப்பனும் அதுல அடிபட்டார். கடன் கேட்கிறவன் எப்படிப்பட்டவன்னு முன்னாடியே தெரிஞ்சா நல்லா இருக்குமேன்னு, 1841-ல மெர்கன்டைல் ஏஜென்சியை ஆரம்பிச்சார். ஊர் ஊரா வக்கீல்கள் மாதிரி ஆளுங்க அங்கங்கே இருக்கிற வியாபாரிகளோட நாணயத்தைப் பத்தி எழுதி அனுப்புவாங்க. அதெல்லாம் லெட்ஜர்ல ஏறும். சந்தா கட்டினவங்க வந்து கேட்டா குமாஸ்தா படிச்சுக் காட்டுவார். நம்ம பாஷையில சொன்னா, ரீட் ஆக்சஸ் காசு குடுத்தவனுக்கு மட்டும். யாரைப் பத்தின தகவலோ, அவருக்குக் கிடையாது :-)

1899-ல அட்லாண்டாவுல ரீடெய்ல் கிரெடிட் கம்பெனி வந்துச்சு. இப்போ சாதாரண ஜனங்களுக்கும் கோப்பு. அக்கம்பக்கத்துல விசாரிச்சு குடிப்பழக்கம், குடும்ப விவகாரம் வரைக்கும் எழுதினாங்க. எதிர்ப்பு கிளம்பி, 1970-ல சட்டம் வந்த பிறகுதான் தன் கோப்புல என்ன இருக்குன்னு கேட்கவும், தப்பை மறுக்கவும் உரிமை கெடச்சுது. அந்தக் கம்பெனியோட இன்றைய பேர் ஈக்விஃபேக்ஸ்.

அடுத்து ஆள்மாறாட்ட மோசடி பெருகிச்சு. 2003 சட்டம், மூணு பெரிய நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு ரிப்போர்ட் இலவசமா குடுக்கணும்னு சொல்லிச்சு. 2017-ல ஈக்விஃபேக்ஸ்ல இருந்தே சுமார் 14.7 கோடி பேரோட விவரம் திருடு போச்சு. 2018-ல இருந்து கோப்பை முடக்கி வைக்கிறதும் இலவசம். கொரோனா சமயத்துல வாராவாரம் இலவச ரிப்போர்ட் குடுக்க ஆரம்பிச்சதை 2023-ல நிரந்தரமாக்கிட்டாங்க.

ரிப்போர்ட்ல நீங்க வாங்காத கடன் தெரிஞ்சா? மூணுல ஒரு நிறுவனத்துகிட்ட மோசடி எச்சரிக்கை போடச் சொன்னா போதும், மத்த ரெண்டுக்கும் அவங்களே சொல்லணும். ஆனா முடக்கணும்னா மூணுலயும் தனித்தனியா கேட்கணும். மத்திய வர்த்தக ஆணையத்தோட இணையதளத்துல புகாரும் குடுத்துடுங்க. ஆணையத்தோட அறிக்கை கையில இருந்தா தப்பான பதிவை நீக்க வைக்கிறது சுலபம்.

இந்தியாவுல இதுக்கான சட்டம் 2005-ல வந்துச்சு. 2017 ஜனவரியில இருந்து ஒவ்வொரு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமா தரணும்ங்கிறது ரிசர்வ் வங்கி உத்தரவு.

1841-ல ஆரம்பிச்ச கோப்பைத் தொட்டுப் பார்க்க 129 வருஷம் ஆச்சு. யாரோ அடிபட்ட பிறகு கெடச்ச உரிமை மக்களே, ஒரு தடவையாவது எடுத்துப் பாருங்க!