பணி விதிகளில் திருமணத் தடை

1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, அரசு வேலைகளில் பால் வேற்றுமை பாராட்டக் கூடாது என்று திட்டவட்டமாகக் கூறியபோதிலும், அதற்கு முரணான பணி விதிகள் அதன் பின்னரும் பல்லாண்டுகள் செல்லுபடியாகிவந்தன. மணமான பெண்ணுக்கு வேலை மறுப்பதும், வேலையிலிருக்கும் பெண் மணந்துகொண்டால் பதவி விலகச் சொல்வதுமான இம்முறை 'திருமணத் தடை' எனப்படும். பிரிட்டன் தன் உள்நாட்டு ஆட்சிப் பணியில் 1946இல் கைவிட்ட இத்தடையை, விடுதலை பெற்ற இந்தியா 1954இலும் 1961இலும் தானே வகுத்த விதிகளில் எழுதிக்கொண்டது விந்தையே.

1951இல் இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்வாகி மதராஸ் மாநிலத்துக்கு வந்த அன்னா ராஜம் ஜார்ஜுக்கு, மாவட்டப் பொறுப்புக்கு மாறாகத் தலைமைச் செயலகப் பணியே முதலில் முன்வைக்கப்பட்டது. குதிரையேற்றமும் துப்பாக்கிப் பயிற்சியும் தமக்கு உண்டென்று வாதாடிய பின்னரே அவர் ஓசூரில் துணை ஆட்சியரானார். மணந்துகொண்டால் பணி முடிவுறும் என்ற நிபந்தனையோ அவருடைய நியமன ஆணையிலேயே இருந்தது. 'முதல் பெண் அதிகாரி' என்ற பெருமையைப் பேசும் நூல்கள் இந்த நிபந்தனையை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. பெண்களின் வேலை வரலாறு பெரிதும் பொதிந்திருப்பதோ இத்தகைய நிபந்தனைகளில்தான்.

தனியார் துறையில் இத்தடை சற்று முன்னதாகவே ஆட்டங்கண்டது. பம்பாயின் மருந்து நிறுவனமொன்று, மருந்துகளைப் பொதிந்து சீட்டு ஒட்டும் பிரிவிலிருந்த பெண்கள் மணமானதும் விலக வேண்டும் என்று வைத்திருந்த விதியை, மணமானவர்கள் அடிக்கடி விடுப்பெடுப்பதால் குழு வேலை கெடும் என்ற வாதத்தை ஏற்காமல், உச்ச நீதிமன்றம் 1965இல் நீக்கச் சொன்னது.

வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண்ணான சி. பி. முத்தம்மா, குடகில் பிறந்து சென்னையில் பயின்றவர். மணந்தால் விலகுவதாக அவரிடம் 1949இல் உறுதிமொழி பெறப்பட்டது. 1961ஆம் ஆண்டு விதிகள், பெண் அதிகாரி மணம்புரிய அரசின் எழுத்துவழி அனுமதி பெற வேண்டும் என்றதோடு, குடும்பப் பொறுப்பு பணிக்கு இடையூறாகும் என்று அரசு கருதினால் அவரை விலகச் சொல்லவும் இடமளித்தன. பதவி உயர்வு மறுக்கப்பட்டதை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கு முடியுமுன்பே அரசு உயர்வை அளித்து, அனுமதி விதியையும் நீக்கிவிட்டதால், 1979இல் மனு தள்ளுபடியாயிற்று. ஆயினும் குடும்பப் பொறுப்பு ஆணுக்கும் உண்டே என்று வினவிய நீதிபதி கிருஷ்ணய்யரின் தீர்ப்பு, எஞ்சிய பாகுபாடுகளையும் களையுமாறு அரசை வற்புறுத்தியது.

இரண்டே ஆண்டுகளில், ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்களின் வழக்கில், முதல் கருவுறுதலோடு வேலையை முடிக்கும் விதியை அதே நீதிமன்றம் அடித்து நீக்கியது. ஆனால் சேர்ந்து நான்காண்டுகளுக்குள் மணந்தால் வேலை போகும் என்ற விதியை, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு நல்லது என்ற காரணமும் காட்டி, நிலைநிறுத்தியது. அதே விமானங்களில் பணிபுரிந்த ஆண்களுக்கோ 58 வயது வரை அத்தகைய நிபந்தனை ஏதும் இருக்கவில்லை.