தோள்வலியைக் கேட்டறிதல்: தமிழ்க் கேள்வித்தாளும் மதுரையின் முன்னோடியும்

எக்ஸ்ரே படம் தோள்மூட்டின் இடைவெளி எவ்வளவு குறுகியிருக்கிறது என்று காட்டும். எவ்வளவு வலிக்கிறது என்று காட்டாது. படத்தில் ஒன்றுபோலத் தேய்ந்திருக்கும் இரு தோள்களில் ஒன்றுக்குரியவர் வயல்வேலை பார்ப்பார். மற்றவர் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் இரவெல்லாம் விழித்திருப்பார். இந்த வேறுபாட்டை அறுவை சிகிச்சைக்கு முன்பே நோயாளியின் வாய்மொழியிலிருந்து எண்ணாகப் பதிவுசெய்யும் முறை எவ்வாறு உருவாயிற்று, தமிழுக்கு எவ்வாறு வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தோளுக்கு இன்று தேவைப்படும் வழியை மதுரை முன்னரே கண்மருத்துவத்தில் கண்டறிந்துவிட்டது என்பது இதன் வாதம்.

மருத்துவரின் அளவையிலிருந்து நோயாளியின் சொல்லுக்கு

அறுவை சிகிச்சை பெற்றவரைத் தொடர்ந்து கவனித்து, அது பயன் தந்ததா என்று பதிவுசெய்ய வேண்டும் என 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலியுறுத்தியவர் பாஸ்டன் மருத்துவர் எர்னஸ்ட் காட்மன். 1934இல் தோளைப் பற்றியே அவர் ஒரு நூல் எழுதினார். ஆனால் பயனை யார் அளப்பது என்ற கேள்வி நெடுநாள் நீடித்தது. 1987இல் வெளியான கான்ஸ்டன்ட்–மர்லி அளவையின் 100 மதிப்பெண்களில் அசைவுக்கு 40, வலிமைக்கு 25. இந்த 65ம் மருத்துவர் அளந்து இடுபவை. வலிக்கு 15, அன்றாட வேலைகளுக்கு 20 என நோயாளியின் சொல்லுக்குக் கிடைத்தது 35 மட்டுமே.

1991இல் கேத்ரின் ரோச் குழுவினர் வெளியிட்ட 'ஸ்பாடி' என்ற தோள் கேள்வித்தாள் இதை மாற்றியது. அதன் 13 கேள்விகளுக்கும், அதாவது வலி பற்றிய 5க்கும் இயலாமை பற்றிய 8க்கும், நோயாளியே விடை சொல்கிறார். 1996இல் 12 கேள்விகள் கொண்ட ஆக்ஸ்ஃபோர்டு தோள் அளவையும், 2001இல் தோள்மூட்டுத் தேய்மானத்துக்கென்றே 19 கேள்விகள் கொண்ட 'வூஸ்' அளவையும் வந்தன.

மதுரையில் நடந்தது

மதுரையில் 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, இளவயதிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். மூட்டுநோய் ஒருவரின் வேலையை எப்படிச் சோதிக்கும், அவர் அதை எப்படி வெல்வார் என்பதை மூட்டின் படத்தை மட்டும் பார்த்துக் கணிக்க முடியாது என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

அந்த மருத்துவமனையில் 1990களில் 3,400 நோயாளிகளைக் கொண்டு 'மதுரை உள்விழி லென்ஸ் ஆய்வு' நடந்தது. கண்புரையை அகற்றிக் கண்ணாடி தருவதா, கண்ணுக்குள்ளேயே லென்ஸ் பொருத்துவதா என்பதே கேள்வி. எழுத்துப் பலகையில் எத்தனை வரி வாசிக்கிறார் என்பது மட்டும் போதாது என்று கருதிய ஆய்வாளர்கள், இங்குள்ள நோயாளிகளுக்கென்றே பார்வைச் செயல்பாடு, வாழ்க்கைத் தரம் பற்றிய கேள்வித்தாள்களை உருவாக்கினர். ஆஸ்ட்ரிட் ஃபிளெட்சர் குழுவினர் 1997இல் அவற்றை வெளியிட்டனர். தன்னைப் பேணுதல், நடமாட்டம், சமூக உறவு, மனநிலை ஆகியவற்றை அவை விசாரித்தன. எழுதப் படிக்கத் தெரியாதவரிடமும் ஒருவர் நேரில் கேட்டு நிரப்பலாம். லென்ஸ் பொருத்தப்பட்டவர்களுக்கே கூடுதல் பயன் என்பது நோயாளிகளின் விடைகளிலும் வெளிப்பட்டது.

தமிழில் தோள்

ஸ்பாடியின் தமிழ் வடிவத்தை உருவாக்கி, அதன் நம்பகத்தன்மையைச் சோதித்த ஆய்வு 2012இல் வெளியானது. ரோச்சும் அதன் ஆசிரியர்களுள் ஒருவர். தமிழ் நோயாளிக்குத் தோள் அளவை கிடைத்தது பெரிய முன்னேற்றம். எனினும் ஓர் அளவையின் கேள்விகள் அது பிறந்த இடத்தின் வாழ்க்கையைச் சுமந்தே வருகின்றன. ஸ்பாடி முதலில் சோதிக்கப்பட்டது 37 ஆண்களிடம். பேன்ட்டின் பின்பாக்கெட்டிலிருந்து பொருளை எடுக்க முடிகிறதா என்று அது கேட்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு அளவை கத்தியையும் முள்கரண்டியையும் ஒருசேரப் பயன்படுத்துவது பற்றிக் கேட்கிறது. மதுரை வட்டாரத்து மேலூரிலோ உசிலம்பட்டியிலோ சேலை கட்டிய, கையால் பிசைந்து உண்ணும் மூதாட்டியிடம் இக்கேள்விகள் எதை அளக்கும்? அவரது தோளின் நிலை தெரிய வேண்டுமானால், கொண்டை முடிய, தலையில் மல்லிகை சூட, முந்தானையைத் தோளில் போட, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்ற முடிகிறதா என்று கேட்க வேண்டும். வலியைக் குறிக்கவும் நம் ஊரில் பல பெயர்கள் உண்டு. குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு என்று அவர் பிரித்துச் சொல்வதை 'வலி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கினால், அவர் சொன்னதில் பாதி தாளில் ஏறாது.

முன்பே கேட்பதன் தேவை

மதிப்பெண் கூடக்கூட நலம் என்று கொள்ளும் அளவையில், மூட்டு மாற்று அறுவைக்குப் பின் ஒருவர் 100க்கு 70 பெறுகிறார் என்றால் அது வெற்றியா? முன்பு 20 இருந்திருந்தால் வெற்றி. 65 இருந்திருந்தால், பட்ட வேதனைக்கும் செலவுக்கும் ஈடில்லை. முன்மதிப்பெண் இல்லாமல் பின்மதிப்பெண்ணுக்குப் பொருளில்லை. ஆகவே அறுவைக்கு நாள் குறிப்பதற்கு முன் இக்கேள்விகளுக்குச் செலவிடும் பத்து நிமிடம் சிகிச்சையின் ஒரு பகுதியே.

கண்ணுக்கு மதுரை செய்ததைத் தோளுக்கும் செய்யலாம். தமிழ் ஸ்பாடியை அடித்தளமாகக் கொண்டு, இவ்வட்டார நோயாளிகளுடன் பேசி, அவர்களின் வேலைகளையும் சொற்களையும் சேர்த்து, மீண்டும் சோதித்து, நேரில் கேட்டு நிரப்பும் படிவமாக்க வேண்டும். தன் தோளால் எதைச் செய்ய முடியவில்லை என்று அந்த மூதாட்டிக்குத் தெரியும். அதை அவர் சொல்வதற்கு ஏற்ற கேள்வியை அமைப்பது நம் கடமை.