மொனாஸ்ட்ரெல் திராட்சையும் மானாவாரிச் சாகுபடியும்: தென்கிழக்கு ஸ்பெயினின் ஹுமியா வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

சிவப்பு ஒயினுக்குரிய பழைய திராட்சை இரகங்களுள் ஒன்றான மொனாஸ்ட்ரெல், வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும் இயல்புடையது எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. அத்தாங்குதிறனில் இரகத்தின் இயல்பு ஒரு பகுதியே. மண்ணும், செடிகளுக்கிடையே விடப்படும் இடைவெளியும், கவாத்து முறையும் சேர்ந்தே அதனை உருவாக்கின என்பதை ஹுமியா வட்டாரத்தின் வேளாண் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மொனாஸ்ட்ரெல், ஹுமியா, மானாவாரி, நடவு இடைவெளி, வேர்ப்பேன், சொட்டுநீர்ப் பாசனம்.

முன்னுரை

மொனாஸ்ட்ரெல் பிரான்சில் மூர்வெத்ர் என்றும், ஆஸ்திரேலியாவிலும் கலிபோர்னியாவிலும் மட்டாரோ என்றும் வழங்கப்படுகிறது. புவி வெப்பமடைந்துவரும் சூழலில் இவ்விரகத்தின்பால் பல நாட்டு உழவர்களின் கவனம் திரும்பியுள்ளது. வறண்ட நிலத்துக்கு ஏற்றது என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால், தென்பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் இதே இரகத்தைப் பற்றி, முகம் வெயிலிலும் கால் நீரிலும் இருக்க விரும்பும் செடி என்னும் வழக்கு உண்டு. நீரை இவ்வளவு நாடும் செடி, ஆண்டுக்கு ஏறத்தாழ 300 மி.மீ. மழை மட்டுமே பெறும் ஹுமியாவில் பாசனமின்றி எவ்வாறு நிலைத்தது என்பதே இங்கு எழும் வினா.

பெயரும் தொன்மையும்

இத்திராட்சையைக் கி.மு. காலத்தில் பீனிசிய வணிகர் ஸ்பெயினுக்குக் கொணர்ந்தனர் என்ற செய்தி பரவலாகத் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. அதற்கு நேரடிச் சான்று இல்லை. அகழாய்வில் கிடைக்கும் திராட்சை விதை, அங்குத் திராட்சை இருந்ததைக் காட்டும். மரபணுச் சோதனையின்றி அது எந்த இரகம் என்பதைக் காட்டாது. விற்பனைத் தாள்களுக்கு உகந்த இக்கூற்றை வரலாற்றெழுத்தும் அப்படியே ஏற்றுக்கொண்டது வியப்புக்குரியது.

உறுதியான தடயங்கள் இடைக்காலத்தைச் சார்ந்தவை. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த கத்தலான் எழுத்தாளர் பிரான்செஸ்க் ஐஷிமெனிஸின் எழுத்தில் இவ்விரகத்தின் பெயர் காணப்படுகிறது. மொனாஸ்ட்ரெல் என்பது துறவிமடத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. மற்ற இரு பெயர்களும் ஊர்ப்பெயர்கள். வலென்சியாவுக்கு அருகிலுள்ள சகுந்தோ நகரம் 1868 வரை முர்வியெத்ரோ எனப்பட்டது. மூர்வெத்ர் அதன் திரிபு. மட்டாரோ, பார்சலோனாவுக்கு அருகிலுள்ள கடற்கரை ஊர். இவ்வூர்ப்பெயர்கள் இரகம் பிறந்த இடத்தைக் காட்டுவதைவிட, அது கப்பலேறிய இடத்தைக் காட்டுவனவாகவே கொள்ளத்தக்கவை.

சாகுபடி முறைக்கு இதைவிடப் பழைய சான்று உண்டு. காதிஸ் நகரில் பிறந்த கொலுமெல்லா, கி.பி. முதல் நூற்றாண்டில் இயற்றிய தம் வேளாண் நூலில், ரோமப் பேரரசின் மாகாணங்களில் தாம் அறிந்த கொடி வளர்ப்பு முறைகளை விவரிக்கிறார். அவற்றுள் குட்டையான தண்டுடன், எந்த முட்டுமின்றிச் சிறு மரம்போலத் தானே நிற்கும் முறையை அவர் முதன்மையாகப் போற்றுகிறார். அவர் மொனாஸ்ட்ரெல்லைக் குறிப்பிடவில்லை. ஆகவே அவர் கூற்று முறைக்குச் சான்றாகுமே தவிர, இரகத்துக்கு ஆகாது.

மண்ணும் இடைவெளியும்

திராட்சையைப் பந்தலில் படரவிடும் கம்பம் பள்ளத்தாக்கைக் கண்டு பழகிய தமிழ் வாசகருக்கு ஹுமியாவின் பழைய தோட்டம் திராட்சைத் தோட்டமாகவே தோன்றாது. பந்தலோ கம்பியோ அங்கு இல்லை. முழங்கால் உயரத் தண்டிலிருந்து சில கிளைகள் கிண்ண வடிவில் மேல்நோக்கி விரிய, ஒவ்வொரு செடியும் தனித்தனியே நிற்கும். மொனாஸ்ட்ரெல்லின் தளிர்கள் இயல்பாகவே நிமிர்ந்து வளர்வதால் இம்முறைக்கு அது பொருந்துகிறது. தாமதமாகத் துளிர்ப்பதால், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 முதல் 900 மீட்டர் வரை உயரமுள்ள இப்பீடபூமியின் இளவேனில் உறைபனிக்கும் பெரும்பாலும் தப்புகிறது. தாமதமாகப் பழுப்பதால் நீண்ட வெப்பப் பருவம் இதற்கு இன்றியமையாதது. இவை இரகத்தின் இயல்புகள்.

வறட்சியைத் தாங்குவது வேறு செய்தி. ஹுமியாவின் மரபு நடவில் செடிக்குச் செடியும் வரிசைக்கு வரிசையும் ஏறத்தாழ 2.5 மீட்டர் இடைவெளி விடப்படும். அதன்படி ஒரு ஹெக்டேரில் 1,600 செடிகள் நிற்கும். ஒவ்வொரு செடிக்கும் 6.25 சதுர மீட்டர் நிலம் உரியதாகும். 300 மி.மீ. மழையில் அந்நிலத்தின்மீது விழும் நீர் 1,875 லிட்டர். பிரான்சில் இவ்விரகத்துக்குப் பெயர்பெற்ற பாந்தோல் வட்டாரத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 650 மி.மீ. ஆயினும் அங்கு விதிப்படி ஹெக்டேருக்குக் குறைந்தது 5,000 செடிகள் நடப்பட வேண்டும். ஒரு செடிக்குரிய இடம் 2 சதுர மீட்டரே. அதன்மீது விழும் நீர் 1,300 லிட்டர். ஹுமியாவின் கோடையில் ஆவியாதல் மிகுதி என்பதைக் கழித்துப் பார்த்தாலும், செடி ஒன்றின் கணக்கில் வறண்ட நிலத்துச் செடி அத்துணை வறட்சியில் இல்லை. மழைக்குறைவை உழவர் இடைவெளியால் ஈடுசெய்திருக்கின்றனர்.

மண்ணும் இதற்குத் துணைநிற்கிறது. கரிமப்பொருள் குறைந்த, சுண்ணாம்பு மிகுந்த ஹுமியா மண், பெய்த மழையைப் பிடித்துவைத்துக் கோடையில் சிறிது சிறிதாக விடுவிக்கிறது. புரோவான்ஸ் வழக்கு கூறும் நீரில் நிற்கும் கால் இங்கும் பொய்யாகவில்லை. நீர் கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் இருக்கிறது.

வேர்ப்பேனும் வணிகமும்

வட அமெரிக்காவிலிருந்து வந்த ஃபில்லோக்செரா என்னும் வேர்ப்பேன் 1860களில் பிரான்சின் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. 1882ஆம் ஆண்டின் பிரான்சு-ஸ்பெயின் வணிக ஒப்பந்தம், ஸ்பானிய ஒயினுக்குப் பிரான்சுச் சந்தையைத் திறந்தது. அடர்நிறமும் மிகுந்த சாராய அளவும் கொண்ட ஹுமியா ஒயின், வலுக்குறைந்த ஒயினோடு கலப்பதற்காக மொத்தமாக வாங்கப்பட்டது. அதே காலத்தில் புரோவான்சில் மூர்வெத்ர் பின்தள்ளப்பட்டது. அமெரிக்க வேர்ச்செடிகளோடு அது எளிதில் ஒட்டாததே அதற்கு முதன்மைக் காரணம். 1941இல் பாந்தோல் தனி ஒயின் வட்டாரமாக அறிவிக்கப்பட்ட பின்னரே அங்கு அதன் மீட்சி தொடங்கியது.

மணற்பாங்கான நிலத்தில் வேர்ப்பேன் பரவ இயலாது. ஹுமியாவில் அப்பேன் பெருஞ்சேதம் விளைவித்தது 1989இல்தான். அதாவது பிரான்சுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிந்தி. அதன்பின் பெரும்பரப்பு வேர்ச்செடிகளில் ஒட்டுக்கட்டிய கன்றுகளால் மறுநடவு செய்யப்பட்டது. மணல் மிகுந்த துண்டு நிலங்களில் மட்டும் சொந்த வேரில் நிற்கும் பழைய செடிகள் எஞ்சின.

பாசனம் புகுந்த பின்

மறுநடவுக் காலமும் சட்ட மாற்றமும் அடுத்தடுத்து வந்தன. ஸ்பெயினின் 1970ஆம் ஆண்டு ஒயின் சட்டம் திராட்சைக்குப் பாசனத்தைப் பொதுவாகத் தடைசெய்திருந்தது. தொடர் வறட்சிக்குப் பின் 1996இல் அத்தடை நீக்கப்பட்டது. 2000க்குப் பின் ஐரோப்பிய ஒன்றியத்தின் தோட்டச் சீரமைப்பு மானியம், கம்பியில் கட்டி, சொட்டுநீர் பாய்ச்சி, இயந்திரத்தால் அறுவடை செய்யும் தோட்டங்களுக்கு ஊக்கமளித்தது. கூலியாள் கிடைப்பது அரிதான ஊரில் உழவர் அதனை நாடியது இயல்பே. அவரைக் குறைகூற இடமில்லை.

எனினும், நீர்க்கணக்கு இங்கு மாறிவிடுகிறது. ஹெக்டேருக்கு 3,000 செடிகள் நின்றால், அதே 300 மி.மீ. மழையில் ஒரு செடிக்குரிய நீர் 1,000 லிட்டராகக் குறைகிறது. எஞ்சிய தேவை நிலத்தடியிலிருந்து வரவேண்டும். ஹுமியா அமைந்துள்ள செகூரா ஆற்று வடிநிலமோ, 1979 முதல் தாஹோ ஆற்றிலிருந்து நீரைத் திருப்பிப் பெற்றும் பற்றாக்குறை நீங்காத பகுதி. ஹுமியாவின் நிலத்தடி நீரும் ஊறுவதைவிட மிகுதியாக இறைக்கப்படுகிறது. மொனாஸ்ட்ரெல் குச்சியை வேற்று நிலத்துக்கு எடுத்துச் செல்வோர் இரகத்தை எடுத்துச் செல்கின்றனர். அதனை வறட்சியில் காத்த 6.25 சதுர மீட்டரை எடுத்துச் செல்வதில்லை. அவ்விடைவெளி இன்று ஹுமியாவிலேயே, கம்பி கட்ட முடியாத பழைய துண்டு நிலங்களில்தான் பெரும்பாலும் எஞ்சியிருக்கிறது. குறைந்த விளைச்சல் காரணமாக முதலில் பிடுங்கப்படுபவையும் அவையே.