ஜிப் குண்டு

ஜிப் குண்டு என்பது அளவில் மிகச் சிறியதாக இருந்து, விரிக்கும்போது கணினியின் நினைவகத்தையும் வட்டையும் நிரப்பி முடக்கும் சுருக்கக் கோப்பு. இது எதையும் திருடுவதில்லை. எனினும் தீநிரல்களுள் ஒன்றாகவே எண்ணத்தக்கது.

தோற்றம்

ஜிப் வடிவத்தை அமெரிக்க நிரலாளர் ஃபில் காட்ஸ் 1989இல் தம் பிகேஜிப் மென்பொருளோடு வெளியிட்டார். பின்னர் அவர் உருவாக்கிய டிஃப்ளேட் முறை, மீண்டும் வரும் தரவை முழுதாக எழுதாமல், முன்பு வந்த இடத்தையும் நீளத்தையும் சுட்டும் குறிப்பாக மாற்றுகிறது. ஒரு குறிப்பு அதிகபட்சம் 258 பைட்டுகளைச் சுட்டும்; அதற்குக் குறைந்தது 2 பிட்டுகள் வேண்டும். எனவே 1032 மடங்குக்கு மேல் சுருக்க இயலாது. குண்டு செய்தவர்கள் தாண்ட முயன்றது இந்த எல்லையைத்தான்.

வகைகள்

1. அடுக்குக் குண்டு: ஜிப்புக்குள் ஜிப்பாக அடுக்கப்படுவது. 42.ஜிப் இதில் புகழ்பெற்றது. 42 கிலோபைட் அளவுள்ள இது, ஒவ்வொரு ஜிப்பிலும் 16 கோப்புகளாக ஐந்து அடுக்குகள் விரிந்து, அடியில் ஒவ்வொன்றும் 4.3 ஜிகாபைட் கொண்ட கோப்புகளாக, மொத்தம் 4.5 பெட்டாபைட்டை எட்டும். எல்லா அடுக்குகளையும் திறந்து சோதிக்கும் வைரஸ் தடுப்பு மென்பொருள்களே இதற்கு இலக்கு.

2. தன்பெருக்கக் குண்டு: விரித்தால் தன்னையே மறுபடி தருவது. நிரலாளர் ரஸ் காக்ஸ் 2010இல் இத்தகைய கோப்பை விளக்கினார்.

3. மேற்படிவுக் குண்டு: ஆய்வாளர் டேவிட் ஃபிஃபீல்டு 2019இல் வெளியிட்டது. பல கோப்புப் பெயர்கள் ஒரே சுருக்கத் தரவைப் பகிர்வதால், 10 மெகாபைட் ஒரே விரிப்பில் 281 டெராபைட் ஆகிறது. அடுக்கின் ஆழத்தை மட்டும் எண்ணும் காவல் இங்கே பயனற்றது.

தொடர்புடைய தாக்குதல்கள்

கோப்பின் பெயரில் மேல் அடைவுக்குச் செல்லும் குறிகளைப் புகுத்தி, விரிக்கும் கோப்பை வேறிடத்தில் எழுதவைக்கும் குறை 2018இல் 'ஜிப் ஸ்லிப்' எனப் பெயர்பெற்றது. 2019இல் செக் பாயிண்ட் நிறுவன ஆய்வாளர்கள், விரிப்பு மென்பொருளான வின்ராரில் ஏஸ் வடிவக் கோப்புகளை விரிக்கும் பழைய நூலகத்தில் 19 ஆண்டுகளாக இருந்த இத்தகைய குறையை வெளிப்படுத்தினர். 2023இலும் 2025இலும் வேறு வின்ரார் குறைகள் தாக்குதலுக்குப் பயன்பட்டன.

காப்பு

கோப்பின் தலைப்பில் எழுதியுள்ள அளவை நம்பக்கூடாது. விரியும் பைட்டுகளை எண்ணிக்கொண்டே வந்து, வரம்பைத் தொட்டதும் நிறுத்துவதே உறுதியான வழி. பயனர்கள் விரிப்பு மென்பொருளைப் புதுப்பித்து வைக்க வேண்டும். அறியாதவர் அனுப்பிய சுருக்கக் கோப்பைத் திறக்கக் கூடாது.