ஒற்றைக் காதில் கேட்ட பாட்டு

ஒரு காலத்தில் டிரான்சிஸ்டர் ரேடியோ வாங்கினால் கூடவே ஒரு குட்டி இயர்போனும் வரும். தோலுறையோடு சேர்த்துத் தைத்த சின்னப் பைக்குள் சுருட்டி வைத்த ஒயர், அதன் நுனியில் தந்த நிறத்தில் பொத்தான் அளவு இயர்போன், அதுவும் ஒரு காதுக்கு மட்டும். மறுமுனையை ரேடியோவின் பக்கவாட்டு ஓட்டையில் செருகிய நொடியே ஒலிபெருக்கி அடங்கிவிடும். அதுவரை வீடு முழுக்கக் கேட்ட பாட்டு ஒருவருக்கு மட்டும் சொந்தமாகிவிடும். மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்த பலருக்கு முதல் ஹெட்போன் அதுதான்.

அதற்கு முன்னால் ரேடியோ பொதுச்சொத்து. அங்கே தெமியாங் ஆறு ஓடும் சிரம்பான் நகரைச் சுற்றி லிங்கி, லாபு என்று ரப்பர் தோட்டங்கள் விரிந்து கிடந்தன. 1946-இல் தொடங்கிய ரேடியோ மலாயா தமிழிலும் ஒலிபரப்பியது. ஆனால் வால்வு ரேடியோ பால்வெட்டுக்காரரின் சம்பளத்துக்கு எட்டாத பொருள். போதாததற்கு, கரண்ட் இல்லாத இடத்தில் அதற்கென்றே கனத்த பேட்டரி வாங்க வேண்டும். 1948-இல் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் பிறந்தபின் அரசாங்கமே தோட்டங்களிலும், மக்களைக் குடியேற்றிய புதுக்கிராமங்களிலும் பொது ரேடியோக்களை வைத்தது. கம்யூனிஸ்டுகளின் பக்கம் மக்கள் சாயக் கூடாது என்பது அரசாங்கத்தின் கணக்கு. மக்களுக்கோ, அந்தி சாய்ந்தபின் தமிழ்க் குரல் கேட்க ஓர் இடம் கிடைத்தது. அந்தப் பெட்டியின் அலைவரிசையையும் சத்தத்தையும் கேட்பவர் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

தேர்ந்தெடுக்கும் உரிமை டிரான்சிஸ்டரோடு வந்தது. 1954-இல் அமெரிக்காவில் ரீஜென்சி டிஆர்-1 என்ற டிரான்சிஸ்டர் ரேடியோ ஏறத்தாழ 50 டாலருக்கு விற்றது. மறுவருஷமே ஜப்பானில் சோனி தன் முதல் டிரான்சிஸ்டர் ரேடியோவை இறக்கியது. அடுத்த பத்தாண்டுகளில் விலை இறங்கிக்கொண்டே வந்தது. டார்ச் லைட் பேட்டரியே போதும் என்றானபின், கரண்ட் இல்லாத தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டிலும் ரேடியோ பாடியது.

பேட்டரிக்குக் காசு தொடர்ந்து வேண்டுமே. சத்தம் கம்மினால் பேட்டரியைக் கழற்றி வெயிலில் காயவைத்து மறுபடி போடுவது தமிழர் வாழ்ந்த ஊரிலெல்லாம் கண்ட காட்சி. இயர்போன் இந்தச் செலவுக்கும் உதவியது. அந்தக் கால ரேடியோக்கள் பலவற்றின் கடைசிக்கட்டச் சுற்று, சத்தம் கூடினால் அதிக மின்சாரம் இழுக்கும், குறைந்தால் கொஞ்சமாக இழுக்கும். காதுக்குள் கேட்க மிகச் சிறிய சத்தமே போதுமென்பதால் பேட்டரி கூடுதல் நாள் உழைத்தது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு, எழ வேண்டியவர்கள் பலகைச் சுவருக்கு அப்பால் தூங்கும்போது, இந்தப் பக்கம் ஒருவர் ராத்திரி நிகழ்ச்சியைக் கேட்டு முடிக்கலாம். மலிவான பொருள் ஒன்று மனிதருக்குத் தனிமையையும் தந்தது என்றால் மிகையில்லை.

ஒலி எப்படி? உள்ளே மெல்லிய இரும்புத் தகடும் சின்னக் காந்தமும்தான். பேச்சும் பாடகர் குரலும் தெளிவாகக் கேட்கும். நாகஸ்வரம் காதைத் துளைக்கும். மிருதங்கத்தின் கணீரென்ற வலந்தலை கேட்கும், தாழ்ந்த ஒலி தரும் மறுபக்கமான தொப்பி காணாமல் போகும். சொல் புரிந்தால் போதும் என்று இருந்த காலத்தில் அது பெரிய குறையாகப் படவில்லை.

கேசட் வந்தபின்தான் அது குறையாகத் தெரிந்தது. 1963-இல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய கேசட் எழுபதுகளில் தமிழர் வீடுகளுக்குள் நுழைந்தது. இளையராஜா 1976-இல் 'அன்னக்கிளி'யோடு வந்தார். 1978-இன் 'ப்ரியா' பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவாயின. வலப்பக்கம் ஒரு கருவியும் இடப்பக்கம் இன்னொன்றும் ஒலிக்கும் இசைக்கு ஒற்றைக் காது எப்படிப் போதும்? அமெரிக்காவின் ஜான் காஸ் 1958-லேயே ஸ்டீரியோ ஹெட்போனைக் காட்டிவிட்டார் என்றாலும், அது வசதியுள்ள வீடுகளில் தலையை இறுக்கும் கனமான சாதனம். 1979 ஜூலையில் சோனி தன் கையடக்கக் கேசட் கருவியான வாக்மேனோடு தந்த ஹெட்போன் ஏறத்தாழ 50 கிராம்தான். மெல்லிய உலோகப் பட்டையும் இரண்டு பஞ்சு வட்டமும் கொண்ட அந்த வடிவத்தைப் பின்பற்றி மலிவுப் பிரதிகள் பெருகின. எண்பதுகளில் வேலைக்குப் போகத் தொடங்கிய தோட்டத்துப் பிள்ளைகளின் கைக்கு எட்டியவை அவைதான்.

இன்று அந்தத் தோட்ட நிலங்களில் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பேரப்பிள்ளைகள் கைப்பேசிக்கு ஹெட்போன் தேடுகிறார்கள். பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண்களை நம்பி வாங்குவதைவிட, தாத்தாவுக்குக் கேட்காமல் போன தொப்பியைக் கொண்டு சோதிப்பது மேல். நன்கு தெரிந்த பாட்டு ஒன்றைப் போட்டு, மிருதங்கத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து கேட்கிறதா, அதனடியில் பாடகரின் சொல் அமுங்கிப்போகிறதா என்று பார்க்கலாம். 'பேஸ்' மட்டும் தூக்கலாக இருந்தால் முதலில் இனிக்கும், அரைமணி நேரத்தில் தலை வலிக்கும். காதுக்குள் செருகும் வகையில் ரப்பர் மூடியின் அளவு பொருந்தாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்தாலும் தாழ்ந்த ஒலி கசிந்து போய்விடும். இரண்டு மூன்று அளவு மூடிகள் பெட்டியில் இருக்கின்றனவா என்று காசு கொடுக்குமுன் பார்த்துவிட வேண்டும்.